தண்ணீர் ஊற்றும் காட்சி நீக்கப்பட்டது

திங்கள் மாலை ஓர்சுன் போனை எடுக்கவில்லை.
செவ்வாய் காலை அவனுடைய வக்கீல் எடுத்தார்.
புதன்கிழமை படப்பிடிப்பு.
மருந்துக்கடை ஃபிக்ரெத்தை
அதற்குள் நான் எங்காவது அனுப்பியாக வேண்டும்.

ஆறு வருடமாக இதுதான் பிழைப்பு.
ஜிஹாங்கிரில் நான்காம் மாடி, லிஃப்ட் கிடையாது,
வாரம் இரண்டேகால் மணி நேரக் கதை.
இதுவரை பதினோரு பேர்.
சம்பளம் கூட்டிக் கேட்டவளை
மாடிப்படியில் உருட்டினேன்.
இயக்குநரைக் கை நீட்டியவனுக்குப்
போலு மலைப்பாதையில் ஒரு லாரி.
பிள்ளை உண்டானவளுக்கு லியோனில் மேற்படிப்பு.
சண்டை போடாமல் போகிற நல்லவர்களுக்கெல்லாம்
ஃப்ராங்ஃபர்ட்.
ஃப்ராங்ஃபர்ட்டில் இப்போது எங்கள் ஆட்கள் நால்வர்.
ஒருவரை ஒருவர் தெருவில் பார்த்துக்கொண்டதாக
நான் இன்னும் எழுதவில்லை.

ஃபிக்ரெத்துக்கும் அதைத்தான் எழுதினேன்.
விடியற்காலை, வாடகைக் கார்.
முகம் காட்ட ஆளில்லாததால்
பழைய பாகங்களில் பொறுக்கினோம்:
நாற்பத்திரண்டில் ஒரு பிடரி,
அறுபதில் சாவி திருப்பும் கை,
எழுபத்தொன்றில் கடன்காரனிடம் சொன்ன
"சரி, பார்க்கலாம்."
அந்தப் "பார்க்கலாம்" இனி மனைவிக்கு.
ஒட்டுப்போட்டது தெரியவே இல்லை.
தெரியாததுதான் உறுத்தியது.

(என் கணவன் போனதற்கு
இன்றுவரை கதைக்காரணம் அகப்படவில்லை.
வியாழக்கிழமை இருந்தான்.
வெள்ளிக்கிழமை நான் வேலைக்குப் போனேன்.)

கார் நகர்ந்ததும்
வாசலில் நிற்கும் மனைவி
அதன் பின்னால் ஒரு ஜாடித் தண்ணீரைத் தெருவில் ஊற்றுகிறாள்.
இந்த ஊர் வழக்கம் அப்படி:
தண்ணீர்போலப் போ, தண்ணீர்போலத் திரும்பி வா.

தயாரிப்பாளர் முஜ்தாத் பே
பேனா முனையால் அந்த ஒரு வரியைக் குத்தினார்.
"தண்ணீர் ஊற்றினால் வருவான் என்று அர்த்தம்.
அவன் வந்தால் வக்கீலும் வருவார்.
தண்ணீரை எடு.
காரைக் கவிழ்."

கவிழ்த்தேன்.
மூடுபனி, காலிச் சாலை,
தனியாகச் சுற்றும் ஒரு சக்கரம்.
அதிகம் செலவில்லாத சாவு.

மனைவியாக நடிக்கும் பெர்ரின் வந்து கேட்டாள்:
"தண்ணீரும் இல்லையென்றால்
இந்தக் கையை நான் என்ன செய்வது?"
"கதவைச் சாத்து."
மூன்று முறை எடுத்தோம்.
மூன்று முறையும்
ஒரு சாண் திறந்தே விட்டுவிட்டுப் போனாள்.
நேரமில்லை, அப்படியே ஒளிபரப்பானது.

மூலைக்கடை ஹைரெத்தின்
ஒரு வாரம் எனக்குப் பாலாடைக்கட்டி தரவில்லை.
"அவனுக்கு ஆறு வயதில் மகள் இருக்கிறாள், நெர்மின் ஹனும்,
உங்களுக்கு மனசே கிடையாதா?"
மகளுக்கு நிஜத்தில் எட்டு.
இன்னும் நான்கு விரல் வளர்ந்தால்
அவளையும் மாற்றிவிடுவோம்.
அதைச் சொல்லியிருந்தால்
ரொட்டியும் கிடைத்திருக்காது.

ஏப்ரலில், கடிக்கொய் போகிற படகில்
ஓர்சுனைப் பார்த்தேன்.
வேறு சேனலுக்கான மீசை.
பக்கத்தில் வந்து உட்கார்ந்து,
"நான் எப்படிச் செத்தேன்?" என்றான்.
பார்க்கவில்லையாம்.
சொன்னேன்: கார், மூடுபனி, சக்கரம்.
"பெர்ரின் அழுதாளா?"
"கதவைச் சரியாகச் சாத்தவில்லை."
தேநீர்க் குவளையை இரண்டு சுற்றுச் சுற்றினான்.
கடற்காக்கைக்கு யாரோ வீசிய ரொட்டித் துண்டு
காற்றில் திரும்பி எங்கள் காலடியில் விழுந்தது.
பிறகு கேட்டான்:
"அந்தப் பழுப்புக் கோட்டு?
அது கம்பெனியுடையது இல்லை.
என் வீட்டிலிருந்து கொண்டுவந்தது."
தேடச் சொல்கிறேன் என்றேன்.

தொண்ணூற்றுமூன்றாம் பாகத்தில்
புது மருந்துக்கடைக்காரர்
அதைப் போட்டுக்கொண்டு கடையைத் திறக்கிறார்.
கை கொஞ்சம் நீளம், மடித்துவிட்டிருக்கிறார்.
ஒரு ஆளும் கேட்கவில்லை.
ஹைரெத்தின்கூட.